நூறு செல்லில் ஒன்றுகூட இல்லை

“அத்தை, உங்க ரத்தம் சுத்தமாயிடுச்சு.”

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு மார்கழி மாலையில், லேப் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நான் போனில் சொன்னது இது. ஏற்காட்டு மலையில் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீட்டில் இருந்த அத்தை, “நீ சொன்னா சரிதான் கண்ணு” என்றார். அந்தப் பதில் இன்றுவரை என்னை விடவில்லை. நான் சொன்னேன் என்பதற்காகவே அவர் நம்பினார். சேலத்தில் பத்தொன்பது வருடமாக ரத்தம் எடுத்து, எண்ணி, எழுதிக் கொடுக்கிறேன். எண் கூடினால் பயப்படுவதும் குறைந்தால் நிம்மதி அடைவதும் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கு இயல்பு. அவர்களுக்கு வேறு எப்படித் தெரியும்? இந்தப் பக்கம், மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருக்கும் நானும் அப்படியே நம்பியிருந்தேன் என்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கினால் எங்கள் லேப்பில் ஒரு சொல் ஓயாமல் கேட்கும். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைப் புகையில் உட்கார்ந்திருப்பவர், அம்மாபேட்டையில் தறி ஓட்டுபவர், கருப்பூர் பக்கம் வெள்ளைக்கல் தூசியில் வேலை பார்ப்பவர், விடிந்ததும் பத்துத் தும்மல் தும்முகிற பள்ளிக்கூடத்து டீச்சர், எல்லோரும் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள்: “எனக்கு ஈஸ்னோபீலியாங்க.” சர்க்கரை இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்பதைப் போல அதுவும் ஒரு வியாதியின் பெயராக நம் வீடுகளில் குடியேறிவிட்டது. எத்தனை சதவீதம் என்று கேட்பார்கள். போன தடவை பதினொன்று, இந்தத் தடவை எட்டு என்றால் முகம் மலரும். எதனால் கூடியது என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இந்தச் சொல்லின் வழியைப் பிடித்துக்கொண்டே போனால் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் என்ற காசநோய் சானடோரியத்தில் போய் நிற்கிறது. 1940-ல் அங்கிருந்த ஃப்ரிமோட்-முல்லர், பார்ட்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தை எழுதிவைத்தார்கள். காசநோய் என்று அனுப்பப்பட்ட சிலருக்கு இருமல் இருந்தது, எக்ஸ்-ரேயில் நுரையீரலில் புள்ளிகள் இருந்தன, ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை. ரத்தத்தில் மட்டும் ஈசினோபில் என்ற வெள்ளை அணு அளவுக்கு மீறிக் குவிந்திருந்தது. 1943-ல் வைன்கார்டன் என்பவர் இதற்கு வெப்பமண்டல ஈசினோபிலியா என்று பெயர் வைத்தார். கொசு கொண்டுவரும் யானைக்கால் புழுவுக்கு உடல் காட்டும் அதீத எதிர்ப்புதான் இது என்பது பிறகுதான் புரிந்தது. அந்தப் புழுவுக்கான டி.இ.சி. மாத்திரையை மூன்று வாரம் கொடுத்தால் இரவு இருமல் அடங்கும். பழைய ஆட்கள் அதை இன்னும் ‘ஹெட்ரசான்’ என்றே சொல்வார்கள். காரணம் புரிவதற்கு முன்பே அடையாளத்தின் பெயர் நோயின் பெயராக ஒட்டிக்கொண்டது. அதன் பிறகு எந்தக் காரணத்துக்காக ஈசினோபில் கூடினாலும் நமக்கு எல்லாம் ஒரே ‘ஈஸ்னோபீலியா’ ஆகிவிட்டது என்பது என் எண்ணம்.

அந்த அணுவை நான் எத்தனை லட்சம் தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு ரத்தத்தை இழுத்து, லீஷ்மன் சாயம் ஊற்றிக் கழுவி, எண்ணெய் லென்ஸில் வைத்தால், வெளிறிய இளஞ்சிவப்புச் சிவப்பணுக்களுக்கு நடுவில் அது தனியாகத் தெரியும். உட்கரு மூக்குக்கண்ணாடி மாதிரி இரண்டு வட்டமாக இருக்கும். சுற்றிலும் செம்மஞ்சள் மணிகள் இடைவெளியில்லாமல் அடைந்திருக்கும். 1879-ல் பால் எர்லிக் இதற்குப் பெயர் வைத்தது அந்த மணிகளை வைத்துத்தான். ஈசின் என்ற செந்நிறச் சாயத்தை விரும்பிக் குடிக்கும் அணு என்று பொருள். அந்தச் சாயத்தின் பெயரோ கிரேக்கர்களின் விடியல் தேவதை ஈயோஸிடமிருந்து வந்தது. இப்போது மெஷின் ஒரு நிமிடத்தில் எண்ணித் தந்துவிடுகிறது. ஆனாலும் ஈசினோபில் கூடியிருக்கிறது என்று மெஷின் சொன்னால் நான் ஒரு ஸ்லைடு போட்டு நூறு வெள்ளை அணுக்களைக் கண்ணால் எண்ணாமல் கையெழுத்துப் போட மாட்டேன். நல்ல உடம்பில் நூறுக்கு ஒன்றிலிருந்து ஆறு வரை இருக்கும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஐந்நூறுக்குள் இருக்க வேண்டும்.

அத்தையின் முதல் ஸ்லைடில் இருபத்தெட்டு இருந்தது.

அத்தையின் கால்கள்

அத்தை கல்யாணமாகி மலை ஏறியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. ஊர் ஓமலூர்ப் பக்கம், சமவெளி. மாமா எஸ்டேட்டில் கங்காணிக்குக் கீழே வேலை பார்த்தார். சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு என்னை அனுப்பிவைப்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பதினான்காவதோ பதினைந்தாவதோ வருவதற்குள் பஸ்ஸில் வாந்தி எடுத்துவிடுவேன். ஒண்டிக்கடையில் இறங்கினால் அத்தை ஒரு நார்த்தங்காயை நகத்தால் கீறி மூக்கருகே நீட்டுவார். அதன் பிறகு நாகலூர்ப் பாதையில் நடை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி சுற்றியிருக்கும், அதன் நிழலில் காப்பிச் செடிகள். அந்தச் சரிவுகளில் அத்தை ஆட்டுக்குட்டியைப் போல இறங்குவதை நான் வாய் பிளந்து பார்ப்பேன். காலில் செருப்பு இருக்காது. அங்கே வேலை செய்தவர்களில் செருப்புப் போட்டவர்களை நான் அப்போது பார்த்ததே இல்லை. மழைக்காலத்தில் களை வெட்டும்போது அட்டை ஏறும். அதற்குச் சுண்ணாம்பும் புகையிலையும் கலந்து பூசிக்கொள்வார்கள். அட்டையைக் கண்ணால் பார்க்க முடியும், பிய்த்துப் போடவும் முடியும். கண்ணுக்குத் தெரியாமல் ஏறியதற்கு என்ன பூசுவது?

மூன்று வருடத்துக்கு முன்பு கார்த்திகையில், பழம் பறிக்கும் சீசன் நடுவே, அத்தை கீழே வந்தார். ஐம்பத்தெட்டு வயது. இரண்டு மாதமாக இருமல், இரவில் இழுப்பு. இடுப்பிலும் தொடையிலும் அரிப்பு. “கோடு மாதிரி தடிச்சுக்கிட்டு ஓடுது கண்ணு, காலைல பாத்தா ஒரு எடத்துல இருக்கும், மத்தியானம் பாத்தா இன்னொரு எடத்துல” என்றார். இந்த வாக்கியத்தை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. காணாக்கடி, ஏதோ பூச்சி என்று நினைத்துக்கொண்டேன். ஊதா மூடி டியூபில் ரத்தம் எடுத்தேன். மொத்த வெள்ளை அணு 9,400. அதில் ஈசினோபில் இருபத்தெட்டு சதவீதம், கணக்குப் போட்டால் 2,632. சீட்டில் எழுதி, பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டேன். ஊரில் எல்லோரும் போகும் ஒரு டாக்டரிடம் நானேதான் அழைத்துப்போனேன். இழுப்பு இருக்கிறது, ஈசினோபில் கூடியிருக்கிறது, அலர்ஜி என்றார். ஸ்டீராய்டு மாத்திரை பத்து நாளைக்கு எழுதினார். அவரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சீட்டைப் பார்த்தால் பலரும் அதைத்தான் எழுதுவார்கள். அத்தை எங்கே வேலை செய்கிறார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாளே இழுப்பு நின்றது. அரிப்பு நின்றது. நல்ல தூக்கம், நல்ல பசி. பத்து நாள் முடிந்ததும் அத்தை அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் இன்னும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். கேட்க ஆளில்லை. மார்கழியில் ஒரு விசேஷத்துக்குக் கீழே வந்தபோது மறுபடியும் ரத்தம் எடுத்தேன். மொத்தம் 13,200 இருந்தது. ஸ்டீராய்டு சாப்பிட்டால் கூடும் என்று தெரியுமாதலால் அதைக் கடந்து போனேன். ஸ்லைடில் நூறு எண்ணினேன், ஒரு ஈசினோபில்கூட இல்லை. நம்பாமல் இன்னொரு நூறு எண்ணினேன். அதிலும் இல்லை. இருபத்தெட்டு இருந்த இடத்தில் பூஜ்யம்! அப்போதுதான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தப் போனைப் போட்டேன். என் குரலில் இருந்த சந்தோஷம்கூட இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அசைந்தது

பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு அத்தையை மலையிலிருந்து ஒரு ஜீப்பில் இறக்கினார்கள். வயிறு உப்பி, வாந்தி, கடும் ஜுரம், மூச்சு வாங்கல். மயக்கத்தில் என்னை மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாமா போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். ரத்தத்தில் குடல் கிருமி கலந்திருக்கிறது, நுரையீரல் இரண்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது, எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரியவில்லை என்றார்கள். ஆன்டிபயாட்டிக் ஏறிக்கொண்டிருந்தது.

இரண்டாம் நாள் இரவுப் பணிக்கு வந்தவர் ஒரு இளம் பெண் மருத்துவர். முப்பது வயது இருந்தால் அதிகம். பழைய சீட்டுகளை எல்லாம் கேட்டு வாங்கிக் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பினார். இருபத்தெட்டு என்று எழுதியிருந்த சீட்டும் பூஜ்யம் என்று எழுதியிருந்த சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, இரண்டிலும் என் கையெழுத்து. அவர் அத்தையின் காலடிப் போர்வையை விலக்கினார். பாதத்தைத் தூக்கி, விரல் இடுக்குகளைப் பார்த்தார். நாற்பது வருடம் மண்ணில் நடந்து தோல் பலகையாகிப் போன கால். “இவங்க என்ன வேலை செய்யறாங்க?” என்றார். காப்பி எஸ்டேட் என்றேன். “செருப்புப் போட்டுக்கிட்டா?” இல்லை என்றேன். “ஸ்டீராய்டு எத்தனை நாள் சாப்பிட்டாங்க?” சொன்னேன். “தடிப்பு ஏதாவது ஓடுற மாதிரி இருந்துச்சா?” நான் பதில் சொல்லும் முன்பே எனக்கு வியர்த்துவிட்டது. அத்தை தன் வாயால் என்னிடம் சொன்னது அப்போதுதான் என் காதில் முழுசாக விழுந்தது.

அத்தையின் சளியை உடனே லேப்புக்கு அனுப்பினார். அங்கே இரவுப் பணியில் இருந்தவர் என்னோடு டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்தவர். என்னை உள்ளே விட்டார். சாயம் எதுவும் இல்லை, கண்ணாடியில் ஒரு துளி சளி, மேலே ஒரு கவர்ஸ்லிப், சின்ன லென்ஸ். அவர் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் எழுந்து எனக்கு இடம் விட்டார். குனிந்தேன். அணுக்களுக்கு நடுவில் ஒரு மெல்லிய இழை. அது அசைந்தது. வளைந்து, நிமிர்ந்து, மறுபடி வளைந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று ஓரத்தில் இருந்து நீந்தி வந்தது. ஒன்றிரண்டு அல்ல. சுத்தமாயிடுச்சு என்று நான் சொன்ன உடம்பு அது.

ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்று அந்தப் புழுவுக்குப் பெயர். தமிழில் நூல்புழு என்று சொல்லலாம். 1876-ல் கொச்சின்-சீனாவிலிருந்து, அதாவது இன்றைய வியட்நாமிலிருந்து, துலோன் துறைமுகத்துக்குத் திரும்பிய பிரெஞ்சுச் சிப்பாய்களிடம் லூயி நொர்மான் என்ற மருத்துவர் இதைக் கண்டுபிடித்தார். ஈரமண்ணில் இருக்கும் அரை மில்லிமீட்டர் நீள லார்வா வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்கு வந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலுக்குப் போகும். இருமலும் இழுப்பும் அந்தப் பயணத்தின் தடம். குடல் சுவரில் தங்கிய பெண்புழு ஆண் துணை இல்லாமலேயே முட்டை இடும். கொக்கிப்புழுவுக்கு இல்லாத ஒரு வித்தை இதற்கு உண்டு. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளில் சில வெளியே போகாமல் உள்ளேயே வளர்ந்து, குடலையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்து அதே உடம்புக்குள் மறுபடியும் நுழையும். தோலுக்கடியில் ஓடும்போதுதான் அந்தக் கோடு. மணிக்குப் பல சென்டிமீட்டர் நகரும். காலையில் ஓர் இடம், மத்தியானம் ஓர் இடம். அத்தை மருத்துவப் புத்தகம் படித்தவரைப் போல அத்தனை துல்லியமாகச் சொல்லியிருந்தார்.

இப்படித் தன்னைத் தானே விதைத்துக்கொள்வதால் ஒரு தடவை நுழைந்தால் வாழ்நாள் முழுவதும் இருந்துவிடக் கூடும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போடப் பிடித்துவைத்திருந்த ஆங்கிலேய, ஆஸ்திரேலியக் கைதிகளுக்கு, ஊர் திரும்பி முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இந்தப் புழு உடம்பில் இருந்ததை மருத்துவர்கள் கண்டார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கைதிகளோடு இன்னொரு கூட்டமும் ஞாபகம் வந்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அதே ரயில் பாதைக்கு ஓட்டிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள். அதே சேறு, அதே வெறுங்கால்.

முன்பு அத்தையின் ரத்தத்தில் இருபத்தெட்டு இருந்ததற்கு இதுதான் காரணம். புழு உள்ளே வந்ததும் உடம்பு தன் வழியில் ஓலை அனுப்புகிறது. இன்டர்லூக்கின்-5 என்ற புரதம் எலும்பு மஜ்ஜைக்குப் போய் ஈசினோபில்களை அதிகமாகச் செய்யச் சொல்கிறது. அதன் கூட்டாளிகளான இன்டர்லூக்கின்-4, 13 ஆகியவை ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புப் புரதத்தைச் சுரக்கவைக்கின்றன, குடலில் சளியைக் கூட்டி வழுக்கவைக்கின்றன. மஜ்ஜையிலிருந்து கிளம்பிய ஈசினோபில் ரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை, திசுக்களுக்குள் இறங்கிவிடும். ரத்தத்தில் நான் எண்ணுவது புது பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களை எண்ணி ஊரின் ஜனத்தொகையைச் சொல்வது போலத்தான். ஒன்று ரத்தத்தில் இருந்தால் நூறு மடங்குக்கும் மேல் உள்ளே இறங்கியிருக்கும். புழுக்குஞ்சின் மேல் எதிர்ப்புப் புரதம் ஒட்டியிருந்தால் இவை சூழ்ந்து ஒட்டிக்கொண்டு, செம்மணிகளில் சேர்த்துவைத்திருக்கும் விஷப்புரதங்களை அதன் மேல் கொட்டும். அந்த விஷம் நம் நுரையீரலையும் கொஞ்சம் புண்ணாக்கும், அது உண்மைதான். அத்தையின் இழுப்பில் அதற்கும் பங்கு இருந்திருக்கும். ஆனால் அந்தக் காவலால்தான் புழு பல வருடம் கட்டுக்குள் இருந்தது.

ஸ்டீராய்டு செய்தது இதுதான்: ஈசினோபில்களைச் சாகவைத்தது, மீதியை ரத்தத்திலிருந்து விலக்கியது, ஓலை அனுப்பும் புரதங்களை வாயடைத்தது. மருந்து லார்வாக்களுக்கே நேரடியாக வளர்ச்சிச் சைகை கொடுக்கிறது என்றும் ஒரு கருத்து உண்டு. காவல் போனதும் புழு கணக்கில்லாமல் பெருகிக் குடலைத் துளைத்துக்கொண்டு உடம்பெங்கும் போனது. போகும்போது குடலில் இருந்த பாக்டீரியாவையும் ரத்தத்துக்குச் சுமந்து போனது. நான் பார்த்த பூஜ்யம் அதுதான். காவல்காரர்கள் ஒருவர்கூட இல்லாத கோட்டையைப் பார்த்துவிட்டு, ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நான் போன் போட்டிருக்கிறேன்.

மூன்று

ஐவர்மெக்டின் தொடங்கினார்கள், எடைக்குத் தகுந்த அளவு, தினமும். சாதாரணமாக ஒன்றிரண்டு நாளில் முடிகிற மருந்து. இந்த நிலைமைக்கு வந்துவிட்டால் சளியிலும் மலத்திலும் புழு மறைந்து இரண்டு வாரம் ஆகும்வரை கொடுக்க வேண்டும். இந்த மருந்தின் மூலத்தை ஜப்பானிய மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுத்ததற்காக 2015-ல் ஓமுராவுக்கும் கேம்பெலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணிலிருந்து ஏறிய நோய்க்கு மண்ணிலிருந்தே மருந்து என்று அப்போது எனக்குத் தோன்றி, அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பொங்கல் அன்று கரும்பு வாங்கியவர்கள் ரோட்டில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வருடம் நாங்கள் பானை வைக்கவில்லை.

தினமும் அத்தையின் ரத்தத்தில் ஒரு ஸ்லைடு மட்டும் நான் பார்க்கிறேன் என்று அந்த நண்பரிடம் கேட்டிருந்தேன். அவர் மறுக்கவில்லை. முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள், நான்காம் நாள், ஆறாம் நாள், எல்லாம் பூஜ்யம். ஸ்டீராய்டை நிறுத்தியாகிவிட்டது, ஆனால் கடும் பாக்டீரியா தாக்குதலும் ஈசினோபிலைக் குறைத்துவிடும். ஒன்பதாம் நாள் காலையில் எழுபதாவது செல்லைத் தாண்டியபோது ஒன்று வந்தது. மூக்குக்கண்ணாடி உட்கரு, செம்மஞ்சள் மணிகள். ஆயிரக்கணக்கானவர்களின் ரத்தத்தில் எந்த அணுவைப் பார்த்ததும் ‘அசாதாரணம்’ என்று நட்சத்திரக் குறி போட்டேனோ, அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. லென்ஸ் மங்கிவிட்டது என்று துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினேன். அந்த நூறில் மூன்று. அந்த இளம் மருத்துவரிடம் ஓடிப்போய்ச் சொன்னபோது, “திரும்ப வருதா? நல்லது, ரொம்ப நல்லது” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பதினைந்தாம் நாள் பதினொன்று ஆனது. எண் கூடக் கூட நிம்மதி அடைந்தது என் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.

அத்தை பிழைத்தார். மாசி மாதம் வீட்டுக்கு வந்தார். மூன்று மாதத்தில் ஈசினோபில் ஏழு, ஆறு மாதத்தில் நான்கு. இந்த நான்கும் மார்கழியில் பார்த்த பூஜ்யமும் எங்கள் சீட்டில் ஒரே மாதிரிதான் அச்சாகும், இரண்டுக்குமே பக்கத்தில் நட்சத்திரம் இருக்காது. ஆனால் நான்குக்குப் புழு செத்துப்போனது காரணம். பூஜ்யத்துக்கோ காவல் செத்துப்போனது காரணம். எண்ணை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை.

சீட்டில் இல்லாதது

அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். இன்னொரு விஷயமும் உறைத்தது. பல வருடம் உள்ளே இருக்கும் புழு, உடம்போடு ஒரு சமாதானத்துக்கு வந்துவிடும். இன்டர்லூக்கின்-10 போன்ற அடக்கும் புரதங்கள் கூடும், எதிர்ப்பின் சுருதி இறங்கும். அதனால் புழு இருந்தும் ஈசினோபில் ஆறுக்குள்ளேயே இருப்பவர்கள் உண்டு. மலத்தை ஒரு தடவை பார்த்தால் பெரும்பாலும் தப்பிவிடும், பல நாள் பல மாதிரி பார்க்க வேண்டும். புழுவுக்கு எதிரான ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியைத் தேடும் எலிசா பரிசோதனை இதைவிட நன்றாகப் பிடிக்கும். சிகிச்சைக்குப் பிறகு ஆறு மாதம், ஒரு வருடம் என்று மெல்ல இறங்குவதால் குணமானதையும் அது சொல்லும். சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் இந்தப் புழு இருப்பவர்களின் ரத்தத்தில் இத்தகைய புரதங்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். புழு இருக்கும்போது காசநோய்க் கிருமிக்கு எதிரான எதிர்ப்பும் மந்தமாகிறது, புழுவுக்கு மருந்து கொடுத்த பின் அது மாறுகிறது. ஒரு புழு தன்னோடு நிற்பதில்லை, வீட்டின் மொத்தக் கணக்கையும் திருத்தி எழுதுகிறது.

கொரோனா காலத்தில் 2020 ஜூனில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கிறது என்று தெரிந்ததும் உலகமெங்கும் அதைக் கொடுத்தார்கள். அப்போதே, இந்தப் புழு இருக்கக்கூடிய ஊர்க்காரர்களுக்கு ஸ்டீராய்டுக்கு முன் அதைச் சோதியுங்கள், அல்லது ஐவர்மெக்டின் கொடுத்துவிடுங்கள் என்று மருத்துவ இதழ்களில் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை எங்களைப் போன்ற சின்ன லேப் வரைக்கும் வந்து சேரவில்லை. மெடிக்கல் கவுன்ட்டருக்கும் போகவில்லை.

பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். ஒரு வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அல்பென்டசோல் கொடுக்கிறார்கள். மிக நல்ல திட்டம், என் பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் அத்தைக்கு அந்த மலையில் கால் வைத்தபோதே பத்தொன்பது வயது. அதோடு அந்த ஒற்றை மாத்திரை கொக்கிப்புழுவுக்கும் உருண்டைப்புழுவுக்கும் வேலை செய்கிற அளவு இந்த நூல்புழுவுக்குச் செய்வதில்லை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடி வைத்த காலத்திலிருந்து இருநூறு வருடமாக அந்தச் சரிவுகளில் மனிதர்கள் ஈரமண்ணில் நிற்கிறார்கள். அவர்களில் வயதானவர்களை, பெரும்பாலும் பெண்களை, யாராவது ஒரு தடவை உட்காரவைத்து ஐந்து மில்லி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எடுப்பதற்கு நான் போகத் தயார். எஸ்டேட் கொடுக்கும் கூலியில் ஒரு ஜோடி கம்பூட் விலை பெரிது, ஆஸ்பத்திரியில் அந்தத் தடவை ஆன செலவில் அது ஒன்றுமே இல்லை.

இப்போது என் லேப்பில் ஈசினோபில் பத்துக்கு மேல் இருந்தால் சீட்டைக் கொடுப்பதற்கு முன்பு நான்கு கேள்வி கேட்கிறேன். என்ன வேலை, காலில் செருப்பு உண்டா, தடிப்பு ஓடுகிறதா, ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்களா. பதிலைச் சீட்டின் கீழே கையால் எழுதி டாக்டருக்கு அனுப்புகிறேன். சில டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை, லேப்காரருக்கு என்ன வேலை என்று ஒருவர் போனிலேயே கேட்டார். இரண்டு பேர் கூப்பிட்டு நன்றி சொன்னார்கள். மொத்தத்தில் கூட்டிக் கழித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை, எழுதுவதை நிறுத்தப் போவதும் இல்லை.

போன மாதம் அத்தை வந்திருந்தார். இன்னும் மலையில்தான் இருக்கிறார், கீழே வந்து இருக்கச் சொன்னால் கேட்பதில்லை. நான் வாங்கிக் கொடுத்த கம்பூட்டை மழைக்கு மட்டும் போடுகிறாராம். “சரிவுல காலு மண்ணைத் தொடாம எப்படி நிக்கறது கண்ணு, பயமா இருக்குது” என்றார். கையை நீட்டினார், ரத்தம் எடுத்தேன். ஸ்லைடு காயும்வரை என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எண்ணி முடித்தேன். “எப்படி இருக்குது?” என்றார்.

“அஞ்சு இருக்கு அத்தை,” என்றேன். “சட்டையைக் கொஞ்சம் தூக்குங்க, முதுகைப் பாக்கணும். எங்கயாவது அரிக்குதா?”